தொண்ணூற்றெட்டு சதவீதம்

1997, ஏப்ரல் 7

எழுத்துத் தேர்வில் பாஸ்! எங்கள் வீட்டில் போன் கிடையாது. அப்ளிகேஷனில் பக்கத்து வீட்டு ஜன்னத் அக்கா நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். கணபதி ஏரியா முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார் அக்கா: "மெர்சீ, பாஸாயிப்போட்டே கண்ணு!" வியாழக்கிழமை டெக்னிக்கல் இன்டர்வியூ.

மில் துணியைப் போட்டோ எடுத்து, எங்கே இழை அறுந்திருக்கிறது, எங்கே கறை என்று கம்ப்யூட்டரையே கண்டுபிடிக்க வைக்கிற கம்பெனி. செயற்கை அறிவு. காலேஜில் என் புராஜெக்டும் இதேதான். கோயமுத்தூரில் இப்படி இன்னொரு கம்பெனி இருப்பதாக எனக்குத் தெரியாது. இது கிடைக்காவிட்டால் ஜூனில் கோபிசெட்டிபாளையத்தில் கணக்கு டீச்சர் — சித்தப்பா பேசி வைத்துவிட்டார். டீச்சர் வேலை ஒன்றும் மட்டமில்லை. ஆனால் எனக்கு இதுதான் வேண்டும்.

ஏப்ரல் 9

நாளைக்கு இன்டர்வியூ. அம்மா வழக்கம்போல ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டிருந்தார். "எப்படி இருக்குது கண்ணு?" "நல்லாருக்குங்கம்மா." தம்பி ரூபன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் நேராக 'நல்லாயில்லை' என்று சொன்னதே கிடையாது. ரொம்பப் பிடிக்காவிட்டால் 'பாக்கலாமுங்க'. அதோடு சரி.

ஏப்ரல் 10

கெடுத்துக்கொண்டேன்.

கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன், அது குறையில்லை. இன்டர்வியூ எடுத்தவர் பாலகோபால் சார். அப்பா வயது. கம்பெனியே அவருடையதுதான். "ஏனுங்க அம்மணி, காபி குடிச்சீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார். கடைசியில் தான் எழுதிய புரோகிராமையே ஓட்டிக் காட்டினார். திரையில் 98 சதவீதம் சரி என்று வந்தது. "எப்படீங்க?" என்றார், குழந்தை மாதிரி.

ஃபைல் பெயர்களைப் பார்த்தேன். எந்தப் போட்டோக்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்கினாரோ, அதே போட்டோக்களை வைத்துத்தான் பரீட்சையும். வகுப்பில் போட்டுக் காட்டிய கணக்கையே பரீட்சையில் கேட்டால் யார்தான் தொண்ணூற்றெட்டு வாங்க மாட்டார்கள்? புதுத் துணியைக் காட்டினால் திருதிருவென்று முழிக்கும்.

தெரிந்துகொண்டே சொன்னேன்: "ரொம்ப நல்லாருக்குங்க சார்."

ஏன்டி? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?

ஏப்ரல் 11

அந்தத் தப்பு, நான் கண்டுபிடிக்கறனான்னு பாக்க வேணும்னே வெச்ச பொறியா? இல்ல, நெசமாவே அவருக்குத் தெரியலையா? பொறின்னா நான் ஃபெயில். பொறி இல்லைன்னா — ஐயோ, அதை மில்லுக்கு விக்கப் போறாரே.

ஏப்ரல் 14

வருசப் பிறப்பு. ஜன்னத் அக்கா வீட்டு போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினேன். எல்லாமே அக்காவின் மச்சான்.

ஏப்ரல் 16

போன் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடைசி ரவுண்டு. "சும்மா பேசத்தானுங்க" என்றார் சார். அப்படியென்றால் எடுத்துவிட்டார்கள் போலத்தான் இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு போனால் வேலை.

ரூபனிடம் கேட்டேன். "சேந்துபோட்டு அப்பறம் சொல்லுக்கா" என்றான். நியாயம்தான். ஆனால் எனக்கு என்னைத் தெரியாதா? இன்றைக்கு வராத வாய், சம்பளம் கொடுக்கிறவரிடம் மட்டும் வந்துவிடுமா?

ஏப்ரல் 18

சொல்லிப்போட்டேன்.

எப்போது சேர முடியும் என்றுகூடக் கேட்டு முடித்துவிட்டார். எழுந்திருக்கப் போகிற நேரம். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தத் தொண்ணூத்தெட்டு... சரியில்லீங்க." காரணத்தையும் சொன்னேன். அவர் முகம் சுண்டிப்போனது. பொறியெல்லாம் இல்லை. பாவம், மனுசனுக்குத் தெரியவே தெரியாது.

"அடுத்த வாரம் மில்லுக்காரங்க வர்றாங்க அம்மணி" என்றார். "வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் அழுகை வந்துவிட்டது.

ஏப்ரல் 30

போன் இல்லை.

மே 20

போன் இல்லை. கோபிக்குப் போகும்போது கட்ட அம்மா ஒரு மஞ்சள் சேலை எடுத்து வந்தார். நல்லாருக்குங்க என்றேன்.

ஜூன் 2

பாலகோபால் சாரே பேசினார். "ஒம்பதாந்தேதி வந்துருங்க அம்மணி." வைத்துவிட்டார். நல்ல குரலா, கோபக் குரலா? ஜன்னத் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

ஜூன் 9

முதல் நாள். கம்ப்யூட்டர் இதுவரை பார்க்காத புதுத் துணிப் போட்டோக்களைச் சார் என் கையில் கொடுத்தார். ஓட்டினேன். அறுபத்தொன்று.

"மில்லுக்காரங்களை தீவாளி கழிச்சு வரச் சொல்லிப்போட்டேன். இனி உங்க பாடுங்க" என்றார். பயமாகத்தான் இருக்கிறது. அறுபத்தொன்றை எப்படி ஏற்றுவேன்?

வீட்டில் எனக்காகவே கறிக்குழம்பு. ஒரு வாய் வைத்தேன்.

"எப்படி இருக்குது கண்ணு?"

"உப்பு ஜாஸ்திங்கம்மா."

ரூபன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். அம்மா என்னையே பார்த்தார். பிறகு குழம்பில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "ஏன், இத்தன வருசமா ஒருத்தரும் வாயத் தொறக்கல?"