பென்டிரைவில் நான் எடுத்து வைத்தவை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் உடலளவில் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அவ்விதமே இருக்க வேண்டுகிறேன். உள்ளத்தளவில் நான் சௌக்கியமாக இல்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், கணினியில் தட்டினால் அழித்து அழித்து உண்மையையே திருத்திவிடுவேன் என்று அஞ்சிப் பேனாவை எடுத்திருக்கிறேன்.

அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, படியிறங்கிப் பால் வாங்கி வருகிறார். கணினியைப் பற்றி நான் உன்னிடம் கூறியது பொய். மனுக்களைத் தட்டச்சு செய்கையில் அது அடிக்கடி உறைந்து நின்றதால் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். எல்லாவற்றையும் அழித்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவ வேண்டும், வேண்டியவற்றை முன்னரே காப்பி எடுத்து வையுங்கள் என்று அவர் தெளிவாகவே சொன்னார். நான் திரையில் தெரிந்த நாற்பத்தொரு குறிகளையும் ஒன்று விடாமல் பென்டிரைவில் போட்டேன். கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. ஐயப்பட வேண்டியவள் என் கைத்திறனை மெச்சிக்கொண்டேன். மறுநாள் அவர் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், இதுல வெறும் ஷார்ட்கட்தான் இருக்கற மாதிரி தெரியுது, ஒரு தடவை திறந்து பாத்துடலாமா" என்று தயங்கினார். எட்டாம் வகுப்போடு நின்றவள் என்று எண்ணிச் சந்தேகிக்கிறாரோ என்று எனக்குச் சுருக்கென்றது. இருபது ஆண்டுகளாக இத்தெருவின் மனுக்களெல்லாம் என் விரல்வழிதான் போகின்றன, நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன்.

அவர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவிவிட்டுப் போனபின், அன்று மாலை பென்டிரைவில் குட்டியின் படங்களைத் திறந்தால் ஒன்றும் திறக்கவில்லை. நான் எடுத்து வைத்தவை படங்களல்ல, அவை இருக்கும் இடத்தைக் காட்டும் குறிகள் மட்டுமே. உன் கைப்பேசி தொலைந்தபின் அவனுடைய முதல் இரண்டு வருடமும் நம் வீட்டுக் கணினியில் மட்டுமே இருந்தது, "உங்கிட்ட இருந்தா பேங்க்ல இருக்கற மாதிரிம்மா" என்று நீ சொல்லிவிட்டுப் போனதும் காதில் ஒலித்தது. அப்பா விவரம் கேட்டு, "சாவிக்கொத்தைப் பத்திரமா எடுத்து வச்சுட்டு பீரோவைத் தூக்கிப் போட்டிருக்கா உங்கம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அந்தக் கோபத்திலும் பயத்திலும்தான் உன்னை அழைத்து, பழுதுபார்ப்பவர் என்னைக் கேட்காமலேயே அழித்துவிட்டார் என்றேன். நீ அழுதாய். அதைக் கேட்டும் நான் பொய்யைத் திருத்தவில்லை.

நேற்று பழுதுபார்ப்பவர் தாமாகவே வந்தார். ஒரு சிறு பெட்டியைக் கணினியில் இணைத்தார், படங்கள் அனைத்தும் வந்துவிட்டன, குட்டி குப்புற விழுந்த நாள் முதற்கொண்டு. "எல்லாம் எடுத்தாச்சுன்னு அடிச்சுச் சொல்றவங்க மெஷினை முழுசா நகல் எடுக்காம நான் தொடறதில்ல மேடம். பத்து நாள் வச்சிருந்து அழிச்சிடுவேன்" என்றார். பிறகு பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "பொண்ணு கூப்பிட்டாங்க. கொஞ்சம் கோவம். கை ரெண்டும் வேலையா இருந்துச்சு, ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன், கடையில நாலு பேர் இருந்தாங்க. பரவால்ல" என்றார். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "என் கவனக்குறைவுதாம்மா, தேடிப் பாக்கறேன்னு சொன்னேன். பெத்த பொண்ணுகிட்ட உங்களை விட்டுக்கொடுக்க முடியுமா" என்றார். செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்த அப்பா அதைக் கீழே இறக்கவேயில்லை. அதன்பின் அப்பா என்னைக் கேலியும் செய்யவில்லை, அதுதான் தாங்கவில்லை. எத்தனையோ பேருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த எனக்கு நேற்று அந்தப் பழுதுபார்ப்பவரிடம் ஒரு வாக்கியம் கூட வரவில்லை.

நாளைக் காலை கூட்டமுள்ள நேரம் பார்த்து அவருடைய கடைக்குப் போகிறேன். நீயும் அவரை அழைத்துப் பேசு. ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிட்டுப் பேசு.

படங்களின் பிரதியொன்று தனியே அனுப்புகிறேன், ஒவ்வொன்றையும் நானே திறந்து பார்த்துவிட்டேன், ஆயினும் என் சொல்லை நம்பாமல் நீயும் திறந்து பார். இக்கடிதத்தை மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு, அவரிடமும் அதே பொய்யைத்தான் சொன்னேன். வேளைக்குச் சாப்பிடு. மூவரும் குறைவின்றி நீடு வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
தவறு செய்த
உன் அம்மா