கரண்ட் போனதும் எரிந்த விளக்குகள்

20-10-2012, சனி. மஞ்சக்குப்பம்.

சிதம்பரத்தில் வாங்கி வந்த நான்கு சோலார் விளக்குகளை நேற்று தோட்டத்துப் பாதையில் நட்டேன். இருட்டியும் எரியவில்லை. நேற்று பார்த்துக் கரண்டும் போகவில்லை. போன மாதம் கரண்ட் போன இருட்டில் மாமனார் விழுந்தது அந்தப் பாதையில்தான். அதன் பிறகு பொழுது சாய்ந்தால் அவர் படி இறங்குவதில்லை.

"பெருசா ஒண்ணு வாங்கலாம்னேன். நீதான் இந்த பொம்மைங்கள எடுத்த" என்று இவர் இன்றும் ஆரம்பித்தார். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே நினைத்தேன்.

ஏழு மணிக்குக் கரண்ட் போனது. கேட்டுக்கு மேலே இருக்கும் தெருவிளக்கும் அணைந்தது. உடனே பாதையில் நான்கும் தானாக எரிந்தன. தெருவிளக்கைப் பகல் என்று நினைத்து இதுவரை சும்மா இருந்திருக்கின்றன. ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. மத்தியானம் துணி காய்ந்த அதே வெயில்தான் இது என்று நம்பவே முடியவில்லை.

மாமனார் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"யாரும் புடிக்க வாணாம்மா."

தனியாகக் கேட் வரைக்கும் போனார். எதிர்வீட்டுக்காரரோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். திரும்பிப் பாதி வழி வந்தபோது தெருவிளக்கு எரிந்தது. நான்கும் அணைந்துவிட்டன. மாமனார் அப்படியே நின்று அண்ணாந்து பார்த்தார்.

கரண்ட் வந்ததற்கு இந்த வீட்டில் யாருமே சந்தோஷப்படாதது இன்றைக்குத்தான்.