நாகூர்ப் பக்கம் பஸ் இல்லை

தமிழ்,

நீ பள்ளியில் பாடம் எடுத்து முடித்து வரும்வரை காத்திருக்க முடியவில்லை. மறுபடியும் சுனாமி வரலாம் என்று டிவியில் சொல்கிறார்கள். வீட்டில் நிற்காதே. எதிர்வீட்டு அரசப்பன் டிராக்டரில் தெருச்சனத்தை ஏற்றுகிறார். அதில் ஏறி நெடுங்காட்டுக்கு, உன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடு.

நம் பிரியாவும் மதுரையிலிருந்து வந்த அவள் தோழியும் நாகூரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. செல்லில் லைன் கிடைக்கவில்லை. "பொண்ணுங்களுக்கு ஒரு கார் பேசி அனுப்புங்க" என்றாய். பஸ் போதும் என்று சொல்லிவிட்டு அதோடு உன்னிடம் பேச்சையும் நிறுத்திவிட்டேன். தர்காவைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் கூட்டம் குறையும்வரை கடற்கரையில் உட்காருங்கள் என்று அவர்களுக்குச் சொன்னதும் நான்தான். அங்கேதான் இருப்பார்கள்.

பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். "அந்தப் பக்கம் எந்த வண்டியும் போவாது, வீட்டுக்குப் போங்க சார்" என்றார் கண்டக்டர். சைக்கிளில் போகிறேன். பயமாக இருக்கிறது, தமிழ்.

சாதம் வடித்திருக்கிறேன். தூக்குவாளியில் எடுத்துக்கொள். உன் மாத்திரையை மறக்காதே.

இன்னொன்று. நீ டிராக்டரில் ஏறுவதற்குள் அவர்கள் எனக்கு முன்பே வந்துவிட்டால், அப்பாவைத் தேடப் போகிறேன் என்று பிரியா கிளம்புவாள். விடாதே. கையைப் பிடித்துக்கொள்.