கேமராவுக்கு ஒரு பொட்டு

மே 6, திங்கள்
நேத்து ஞாயித்துக்கிழம பசார்ல கெடச்சிச்சி — பழைய கேமரா மெமரி கார்டு, பிஸ்கட் சைஸ்! என் டப்பாவுல இப்ப வரிசையா இருக்கு: பிஸ்கட், தபால் தலை, நகம். கார்டு சின்னதாக ஆக உள்ள எடம் பெருசாவுது. எப்படித்தான் யோசிச்சானுங்களோ! வீடியோ போட்டேன். ஒருத்தன் கமெண்ட்ல, "அக்கா, ஒங்களுக்கு வேற வேலையே இல்லியா?"

இல்லடா. அதான் பிரச்சனையே.

மே 7
வேலை!!! புந்தோங்ல கல்யாண போட்டோ எடுக்கற யுகேந்திரன் அண்ணே கூப்பிட்டாரு. ஞாயித்துக்கிழம செமோர்ல கல்யாணம், கார்டெல்லாம் நான்தான் பாத்துக்கணும். "நல்லா செஞ்சா நிரந்தரம் லா குமுதா."

அப்பா: "இல்லேன்னா திங்கக்கிழம கையுறை கிலாங். பேரு குடுத்தாச்சி."

அந்த ஃபேக்டரிக்கு நான் போவப்போறதில்ல. பாப்போம்.

மே 9
அண்ணே குடுத்த கார்டுல ஒன்னு, ஓரத்துல இருக்கற குட்டி லாக் ஒடஞ்சி விழுந்திருச்சி. கேமரா 'லாக் ஆயிருக்கு'ங்குது, படம் எடுக்க விடல. ஆனா கார்டு சாகல! லாக் இருந்த பள்ளத்த மூடுனா, லாக் தெறந்திருக்குன்னு கேமரா நம்பிரும். டேப் ஒட்டச் சொல்லி நெட்ல போட்டிருக்கான். வீட்டுல டேப் இல்ல. கண்ணாடியில அம்மாவோட ஸ்டிக்கர் பொட்டு இருந்திச்சி.

மொதல்ல வெல்வெட். தடிப்பு, கேமராக்குள்ள மாட்டிக்கிச்சி, ட்வீசர் வெச்சி இழுத்தேன். நல்லவேளை, என் ஓட்ட கேமரா. அப்புறம் மெலிசான பிளாஸ்டிக் பொட்டு — ஓடுது!!

அண்ணே: "பொட்டா? ஏய், கேமராவுக்கு கல்யாணமா? தூக்கிப் போடு."

பொட்ட பிச்சிட்டேன். கார்ட தூக்கிப் போட மனசு வரல, பர்ஸ்ல இருக்கு.

மே 12
இன்னிக்கி செமோர் கல்யாணம்.

தாலி எடுத்துக் குடுக்கற நேரம். கேமராவுல 'கார்டு ஃபுல்'. அண்ணே கைய நீட்டுறாரு. கார்டு பை — அலாமாக் — கல்யாண வீட்டு வேன்ல வெச்சிட்டேன். வேன் ஐஸ் வாங்கப் போயிருச்சி. நான்தான் வெச்சேன், வேற யாரு?

"குமுதா!"

பர்ஸ்ல அந்த ஒடஞ்ச கார்டு. நெத்தியில மெலிசு பொட்டு, காலையில வெச்சது. பிச்சேன், வேர்வைய தொடச்சேன், பள்ளத்து மேல ஒட்டி நகத்தால தேச்சேன். அண்ணே மொறைச்சாரு, ஆனா வாங்கிப் போட்டாரு. கேமரா ஒன்னும் சொல்லல. கெட்டிமேளம்.

பக்கத்துல கருப்பம்மாள் அத்தே: "கல்யாண வீட்டுல பாழ் நெத்தியாவா நிப்ப?"

"கேமராவுக்கு வெச்சிட்டேன் அத்தே."

தாலி கட்டுனது எல்லாம் இருக்கு. பாத்துட்டேன். அண்ணே பைய நான் வேன்ல வெச்சதுக்குக்கூட திட்டல. அதுதான் பயமா இருக்கு.

மே 13
கிலாங் பஸ் வாசல்ல ஹாரன் அடிச்சிச்சி. அப்பாதான் போயி, நான் வரலன்னு சொல்லி அனுப்பிட்டு வந்தாரு.

அண்ணே காலையிலயே அப்பாவுக்குப் போன் பண்ணி, எனக்கு வேலை நிரந்தரம்னுட்டாராம்!

மே 18
அண்ணே அவரே கடைக்குப் போயி பொட்டு வாங்கியிருக்காரு. கடைக்கார அக்கா, "யாருக்கு அண்ணே?" "எனக்குத்தான் லா." அக்கா அவரு நெத்திய பாத்தாங்களாம்.

கார்டு பையில வெச்சி எங்கிட்ட குடுத்தாரு. தெறந்து பாத்தேன். ஒரு அட்ட முழுக்க வெல்வெட்.

நாளைக்கு வேலைக்குப் போற வழியில மாத்தணும்.