வால் சீல் தராமல் திமிங்கலக் கொலைப் புகார்

அனுப்புநர்:
வே. சத்தியதாஸ் (வயது 77),
மீன்பிடித் தொழிலாளி,
பொழியூர், நெய்யாற்றின்கரை தாலுக்கா.

பெறுநர்:
மேலதிகாரி அவர்கள்,
கடல் உயிர்க் கணக்கெடுப்புத் திட்டம்,
திருவனந்தபுரம்.

பொருள்: தங்கள் அலுவலகத்தின் தவறுக்கு என் மகன் நிஜின் மீது வழக்குப் போட்டது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல என் மருமகள் ஷீனா எழுதுகிறாள். சூட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள், நான் சம்மதிக்கவில்லை.

2. போன வருடம் தங்கள் அலுவலர் திரு. ராஜதாஸ் எங்கள் கரைக்கு வந்து, ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகமும் இரண்டு ரப்பர் சீலும் ஒரு மை பேடும் தந்தார். வலையில் பட்ட திமிங்கலம் செத்தால் முழுத் திமிங்கல சீல், உயிரோடு போனால் வால் சீல். நூற்றைம்பது வருடத்துக்கு முன் வேட்டைக்குப் போன வெள்ளைக்காரன் கப்பல்களில் இப்படித்தான் கணக்கு வைத்தார்களாம், படமும் காட்டினார். பேனாவால் எதுவும் எழுதக்கூடாது என்றார். கொல்லப் போனவன் வைத்த கணக்கு எங்களுக்கு எதற்கு என்று அன்றே கேட்டேன். சிரித்தார்.

3. வால் சீலின் ரப்பர் உப்பு பிடித்து, இளகிக் கடலில் விழுந்தது. வேறு கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். ராஜதாஸின் மேசையில் பாதி தின்ற பழம்பொரி இருந்தது. பேட் மூடியால் சாயாவை வீசி ஆற்றிக்கொண்டிருந்தார். அப்போது சொன்ன வார்த்தை இது: "இருக்கியதைக் குத்தும் பாட்டா, எண்ணிக்கை ஒத்தா போரும். வாலு வந்த பெறவு நான் திருத்திக்கிடுவேன்."

4. கடந்த பிப்ரவரியில் எங்கள் வலையில் ஒரு திமிங்கலம் மாட்டியது. நிஜின் கத்தியோடு குதித்துப் புது வலையை அறுத்து அதை விட்டான். அது எங்கள் முகத்தில் மூச்சை ஊதிவிட்டுப் போனது. அந்த நாற்றம் சட்டையைத் துவைத்தும் போகவில்லை. செத்தது ஊதுமா ஐயா? வால் சீல் அதுவரை வராததால், கரை வந்ததும் ராஜதாஸ் சொன்னபடி முழு சீலைக் குத்தினேன். குத்தியது நான், நிஜின் அல்ல.

5. ராஜதாஸ் மாற்றலாகிப் போனார். வந்த புது அலுவலர் அந்தப் பக்கத்தைப் பார்த்து, வள்ளம் நிஜின் பெயரில் இருப்பதால் அவன் திமிங்கலத்தைக் கொன்றதாகப் புகார் அனுப்பி, வள்ளத்தையும் பிடித்து வைத்திருக்கிறார். உடலைக் காட்டுங்கள் என்றால் புத்தகத்தைக் காட்டுகிறார்கள். ராஜதாஸுக்கோ எதுவும் நினைவில்லையாம். பழம்பொரியைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். வழக்கு நிரூபணமானால் என் மகன் ஜெயிலுக்குப் போவான்.

6. ஆகவே ராஜதாஸை என் முன்னால் நிறுத்தி விசாரித்து, புகாரைத் திரும்பப் பெற்று, வள்ளத்தை விடுவிக்க உத்தரவிட வேண்டுகிறேன். அன்று வலையை அறுக்கச் சொன்னது நான்தான். தாங்கள் செய்யாவிட்டால், இன்னொரு திமிங்கலம் மாட்டும்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

7. ஷீனா இதை முழுக்க வாசித்துக் காட்டிய பிறகே விரல் வைக்கிறேன். மை, சீலோடு தாங்கள் தந்த பேடில் எடுத்தது. தங்கள் அலுவலகம் தந்ததில் அது ஒன்றுதான் இன்னும் உதவுகிறது.

இடம்: பொழியூர்
நாள்: 14.05.2025

இப்படிக்கு,
(இடது பெருவிரல் ரேகை)
சத்தியதாஸ்