உன் முகத்தில் நான் நின்ற காலை

மச்சான், முகம் துடைத்த துண்டில் இன்னும் ரப்பர் பால் வாசம் அடிக்கிறது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் காதுக்குப் பின்னால் அது போகவில்லை. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. எழுதத் தெரியாதவன் என்பதால் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே போனில் பேசிப் பதிகிறேன்.

பாச்சாங் ஊரிலிருந்து அந்தச் சினிமாக்காரப் பெண் படம் எடுக்க வந்தபோது நீதான் முதலில் தலையாட்டினாய். அவள் கதையில் ஒரு மனிதன் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பர் மரமாகிறான். நகம் கழன்று விழும். சதையைக் கிழித்துக்கொண்டு பட்டை முளைக்கும். கீறினால் ரத்தம் வராது, வெள்ளையாகப் பால் வரும். கையில் காசில்லாத பெண். அவள் அம்மாவின் குழம்புச் சட்டியில்தான் உன் தோல் தயாரானது. உன் முகத்தில் சாந்து அப்பி, அச்சு எடுத்து, ரப்பர் பால் ஊற்றினாள். அதை ஒட்டும்போது நீ சொன்னாய்: "காலம் பூரா மரத்தோட தோல உரிச்சோம். இப்ப அது நம்ம தோலக் கேக்குது. குடுத்துடுவோம் லா."

கடைசிக் காட்சியில் நீ நிரையோடு நிரையாக மரமாகி நிற்கவேண்டும். பால் வெட்ட வரும் ஆள், மனிதன் என்று தெரியாமல் உன் பட்டையைக் கீறவேண்டும். அந்த ஆள் நான்.

அதற்குள் உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, உன்னோடு சண்டை பிடித்தாள். "சாவுற வயசுல தோலு உரிஞ்சு நிக்கிறீங்களே, அபசகுனமா இல்ல?" என்று கத்திவிட்டு, புக்கிட் பெருவாங்கில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் உனக்கு நெஞ்சு வலி. அவள் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டாய்.

கருமாதி முடிந்து அந்தப் பெண் வந்தாள். "விட்டுடலாம் அங்கிள்," என்றாள். நீ ஆசைப்பட்ட படம். உன் தோலை நான் போட்டு நிற்கிறேன் என்றேன்.

படம் எடுத்த அன்று, தங்கச்சி தடுக்கத்தான் தோட்டத்துக்கு வருகிறாள் என்று நினைத்தேன். வந்தவள், வேஷம் போட்டு நின்ற என் முன்னால் நின்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "அண்ணே, அவரு இப்படி முழிக்கமாட்டாரு. கண்ணப் பாதி மூடு," என்றாள். அந்தப் பெண்ணிடம், "கத்தியக் குடு. நானும் பால் வெட்டுனவதான்," என்று கை நீட்டினாள்.

என் நெஞ்சுப் பட்டைக்கு அடியில் டின் பாலைக் கரைத்து ஊற்றிய பை. அந்த இனிப்புக்கு எறும்பு ஏறி, கழுத்தெல்லாம் கடி. அசையாமல் நின்றேன். அவள் சாய்வாகக் கோடு இழுத்தாள். பால் இறங்கியது. பால் வடியும் மங்குக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, படத்தில் இல்லாத ஒரு பேச்சைப் பேசினாள்.

"கோவமாவா போனீங்க?"

மரம் பேசக்கூடாது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தல்லவா கேட்கிறாள்? இல்லை என்று தலையை ஆட்டினேன். பட்டை இழுத்து, கன்னத்தில் எனக்கு நிஜமாகவே தோல் உரிந்தது.

"ஐயோ அங்கிள், மரம் ஆடக்கூடாது! இன்னொரு தடவ எடுக்கலாம்," என்றாள் அந்தப் பெண்.

"எனக்குப் போதும்," என்றாள் தங்கச்சி.

அன்றிலிருந்து அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். நன்றாகத் தூங்குகிறாளாம். நான்தான் நடந்துகொண்டிருக்கிறேன். நீ போவதற்கு முதல் நாள் சாயங்காலம் என்னிடம் சொன்னாயே, "அவ வரட்டும், மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்" என்று. அது நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.