அகப்பை பிடித்தவன் முதலில் சாப்பிட்டால்

கட்டுகலைப் பிள்ளையார் துணை

கண்டி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் ஜனகனுக்கு அப்பா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன் என்றுதான் கடிதத்தைத் தொடங்கவேண்டும், ஆகவே சுகம், கால் வீக்கம் வற்றிவிட்டது, பிரஷர் குளிசையை மறக்காமல் போடுகிறேன். நீயும் மருமகள் சஞ்சீவனியும் டொரொன்டோக் குளிரில் நலமாக இருக்கவேண்டும் என்று பிள்ளையாரிடம் சொல்லியிருக்கிறேன். இதையெல்லாம் போனில் பேசலாமே என்பாய். போனில் நான் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் நீ சரிப்பா, சரிப்பா என்று நாலு தரம் சொல்லிவிடுகிறாய், அதோடு எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகிறது. போன கிழமையும் அப்படித்தான், ஐப்பசியில் அம்மாவின் தலைத்திவசத்துக்கு லீவு கிடைக்காது போலிருக்கிறது என்று நீ சொன்னாய், பார்த்துச் செய் என்று சொல்லி நான் வைத்துவிட்டேன்.

நீ அனுப்பிய நாவலை குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்து இரண்டு தரம் வாசித்தேன். கடையில் இருந்த பெண் இது என்ன அங்கிள் என்று கேட்டாள், என் மகன் எழுதியது, கனடாவில் இருக்கிறான் என்று அவள் கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். கதையில் மழை நன்றாக வந்திருக்கிறது. புசல்லாவைக்கு மேலே சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள் மண்சரிவில் பாதை அடைபட்டு, உதவி தேடிப் போன டீச்சர்மாரும் திரும்பாமல், ஆளில்லாத பழைய பங்களாவில் தனியே மாட்டிக்கொள்வதும், அங்கே ஒழுங்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போவதும் வாசிக்க எனக்கே பயமாக இருந்தது. ஆனால் நீ அபிப்பிராயம் கேட்டாய், பிறர் எழுதியதில் பிழை பிடித்தே முனிசிபாலிட்டியில் சம்பளம் வாங்கியவன் நான், சும்மா விடுவேனா. உன் சுதேஷ், அதுதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவனாகிற பெரிய பையன், முதல் நாளே அகப்பையைக் கையில் எடுத்து முதல் சோற்றைத் தன் கோப்பையில் போட்டுக்கொள்கிறான், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் வீட்டில் வளர்ந்தவனா இதை எழுதினான் என்று நினைத்தேன். நம் பிள்ளைகள் அடிபடுவார்கள், களவெடுப்பார்கள், வாய் கூசாமல் பொய் சொல்வார்கள், ஆனால் அகப்பை பிடித்தவர் கடைசியில்தான் சாப்பிடுவார் என்பது அவர்கள் கையில் ஊறிப்போனது, அது லேசில் போகாது. ஒருவனை ஒருவன் தடியால் அடிப்பதைக் கதையின் கடைசியில் வைத்திருக்கிறாய். இரண்டையும் இடம் மாற்று. முதலில் அடித்துக்கொள்ளட்டும், முதல் சோற்றைத் தனக்குப் போட்டுக்கொள்வது கடைசியில் வரட்டும், அப்போதுதான் வாசிக்கிறவனுக்கு இனி ஒன்றும் மிச்சமில்லை என்று தெரியும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மஹ்ரூப் நானாவின் பேரன் அஸ்ஃபர் போன மழைக்கு பிலிமத்தலாவையில் டியூஷனுக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டான், பாண் வாங்கப் போன டியூஷன் சேர் வெள்ளத்தால் திரும்பி வரமுடியவில்லை, விடியும்வரை பிள்ளைகள் மட்டும்தான், அதில் இவன்தான் மூத்தவன். இருந்த பிஸ்கட்டை என்ன செய்தாய் என்று நானா கேட்டதற்கு, சின்னவங்களுக்குக் குடுத்துட்டுத்தான் நான் தின்னேன், அழுத ஆளுக்கு ரெண்டு அடியும் போட்டேன் என்றானாம். இரண்டையும் ஒரே குரலில் சொன்னானாம். அவன் நல்ல பிள்ளையா கெட்ட பிள்ளையா என்று என்னால் சொல்ல முடியாது. உன் நாவலில் அது எல்லாருக்கும் பளிச்சென்று தெரிகிறது, அதுவும் ஒரு குறை.

காட்டுமிராண்டியாவதற்குக் காடும் மலையும் வேண்டாம் மகன். அம்மா போன பிறகு நான் எப்படிச் சாப்பிடுகிறேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவள் இருந்தவரை அவள்தான் அகப்பை பிடித்தாள், நான் எழும்பிக் கை கழுவும்வரை ஒரு பருக்கை தொடமாட்டாள், அவளுக்குப் பசிக்குமே என்று சில நாள் நான் கெதியாகச் சாப்பிடுவேன். இப்போது பரிமாறுகிறவனும் நான், சாப்பிடுகிறவனும் நான், யார் முதலில் யார் கடைசியில் என்ற கேள்வியே இல்லை. ஆரம்பத்தில் மேசையில் இருந்து சாப்பிட்டேன், பிறகு குசினியிலேயே ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டேன், இப்போது அடுப்படியில் நின்றபடி சட்டிக்குள் கையை விட்டு. நேற்று ஒரு குரங்கு ஜன்னலால் வந்து பாணைத் தூக்கியது, நான் ஒரு சத்தம் போட்டேன் பார், அது மனுஷன் போடுகிற சத்தமில்லை. குரங்கு பாணைப் போட்டுவிட்டு ஓடியது, அஸ்ஃபரின் தாய் கைரியா என்னவோ ஏதோ என்று பதறி ஓடி வந்தாள். சட்டியும் கையுமாக, வாயெல்லாம் பருப்பாக நின்றேன். அவள் கீழே கிடந்த பாணை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள், எனக்கு வெட்கத்தில் அழுகை வந்துவிட்டது. பங்களாப் பிள்ளைகள் எந்த நாளில் மாறினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரி சரி, அதில் கைவைக்காதே.

சஞ்சீவனியிடம் நான் விசாரித்ததாகச் சொல். இருவரும் நோய்நொடி இல்லாமல் மனமொத்து வாழ, உன் புத்தகம் நல்லபடி வெளிவர என் ஆசீர்வாதம். பனியில் கார் ஓட்டும்போது போனை எடுக்காதே. ஐப்பசி விஷயமாகக் கோயில் ஐயரைக் கேட்டேன், மகன் வரமுடியாவிட்டால் புருஷனே செய்யலாம், குறையில்லை என்கிறார். ஆகவே அம்மாவுக்கு ஒரு குறையும் வராது, நீ அங்கே ஒரு விளக்கேற்றிவைத்தாலே அவள் சந்தோஷப்படுவாள். திவசம் திவசம் என்று நான் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு சாட்டு மகன். உன்னை வரச் சொல்வது அவளில்லை, நான். லீவு கிடைக்கிற எந்த மாதமானாலும் வா.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அப்பா,
செல்லப்பா.